மணி அடிப்பதற்குள்

பட்டிமன்றத்தில் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு நோய் உண்டு. கையில் இருக்கும் நல்ல சரக்கைக் கடைசிவரை வெளியே எடுக்க மாட்டோம். முதலில் நடுவருக்கு வணக்கம், பிறகு எதிரணியைக் கொஞ்சம் கிண்டல், நடுவில் ஒரு மாமியார் கதை. இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும்போது நடுவர் மணியைத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பிக்கும். "ஒரே நிமிடம் நடுவர் அவர்களே" என்று கும்பிட்டு, அதுவரை பொத்தி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டு, கூட்டம் கைதட்டும்போது உட்கார வேண்டும். நடுவரும் அந்த ஒரு நிமிடத்தைத் தருவார். தராத நடுவரை நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்த நோய் முற்றிப்போனதற்கு அப்பாவும் ஒரு காரணம். அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அவர் மைக் செட் வைத்திருக்கிறார். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவருடைய ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருப்பார். யாராவது நேரம் தாண்டிப் பேசினால் விழாக் கமிட்டிக்காரர்கள் அவருக்குக் கண்ணைக் காட்டுவார்கள், அவரும் சத்தத்தை மெல்லக் குறைத்துவிடுவார். பேசுகிறவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போவார். நான் பேசும்போது மட்டும் யார் கண்ணைக் காட்டினாலும் அப்பா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூட நாளிலிருந்து செட்டிகுளம், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என்று எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். என்னைப் பாதியில் யாரும் நிறுத்தியதில்லை.

அப்புறம் பெரம்பலூரில் கல்லூரியில் சேர்ந்தேன். உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் பல்கலைக்கழக மாணவர்கள் வருஷா வருஷம் கூடி ஆங்கிலத்தில் வாதாடும் போட்டி ஒன்று இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. சொன்னவள் என் வகுப்புத் தோழி. பெரம்பலூர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள், இங்கிலீஷ் மீடியம், ஒரு சொல் போதும் என்றால் இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டாள். விமானம் ஏறிப் போய்க் கலந்துகொள்ள வேண்டிய போட்டி அது. கொரோனா வந்து ஊரெல்லாம் கதவைச் சாத்தியதில் போட்டி இணையத்துக்கு வந்துவிட்டது. எங்கள் கல்லூரி மறுபடி திறந்த பிறகும் அந்த வருஷம் இணையத்திலேயே நடந்தது.

"உக்காந்த எடத்துல உலகப் போட்டிடி. நீதான் வாய் ஓயாம பேசுவியே, வா" என்றாள்.

"எனக்கு இங்கிலீஷ்ல கோவம் வராதுடி."

"என்கூட ஒரு வாரம் இருந்து பாரு, வரும்."

வந்தது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

போட்டியின் முறை சுலபமானது. ஓர் அறையில் நான்கு அணிகள், அணிக்கு இரண்டு பேர். இரண்டு அணிகள் தலைப்பை ஆதரிக்கும், இரண்டு எதிர்க்கும். யார் எந்தப் பக்கம் என்பதைப் போட்டி நடத்துகிறவர்களே சொல்லிவிடுவார்கள். தலைப்பு வந்ததும் யோசிக்கப் பதினைந்து நிமிடம் தருவார்கள். பிறகு ஆளுக்கு ஏழு நிமிடம் பேச வேண்டும். ஏழு முடிந்ததும் கணினியில் ஒரு மணிச் சத்தம் வரும். அதற்கு மேல் சில விநாடிகள் பொறுப்பார்கள், பிறகு நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். திட்டுவதில்லை, நிறுத்துவதும் இல்லை. நாம் பாட்டுக்குப் பேசலாம், அவர்கள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சு கணக்கில் வராது, அவ்வளவுதான்.

திரையில் மூன்று பேர் வரிசையாகப் பேனாவைக் கீழே வைப்பதை முதல் சுற்றிலேயே பார்த்தேன். என் நல்ல கருத்துக்கு அப்போதுதான் வாயைத் திறந்திருந்தேன். மேடையில் செருப்பு விழுந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

சுற்று முடிந்து நடுவர்கள் விளக்கம் சொன்னார்கள். "இரண்டாவது பேச்சாளர் கடைசியில் சொன்னது மிகவும் நன்றாக இருந்தது. நேரத்துக்குள் வந்திருந்தால் சேர்த்திருப்போம்." அடுத்த சுற்றில் வேறு நடுவர்கள், வேறு நாட்டுக்காரர்கள். அவர்களும் அதையே சொன்னார்கள். தோழி ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், ஒன்றும் பேச மாட்டாள். அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

நானும் திருந்தப் பார்க்காமல் இல்லை. நல்லதை முதலில் சொல் என்று கையிலேயே எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் பேச ஆரம்பித்ததும் மனசு வராது. நல்லதை முதலிலேயே கொடுத்துவிட்டால் மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்ற பயம் வந்துவிடும். பேச்சு தானாகவே சுற்றிக்கொண்டு போய் மணிக்காகக் காத்திருக்கும். இவ்வளவுக்கும் இரண்டு மூன்று சுற்றுகளில் தோழியின் பேச்சால் நல்ல இடம் பிடித்தோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசாதவர்களுக்குத் தனிக் காலிறுதி உண்டு. கடைசிச் சுற்றுக்கு முன்னால் தோழி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதில் அறையில் முதல் இடமோ இரண்டாம் இடமோ வந்தால் காலிறுதி, மூன்றாவது வந்தால் வீட்டுக்கு.

எனக்கு அந்தக் காலிறுதி வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், வெறி பிடித்த மாதிரி வேண்டியிருந்தது. நான் தமிழ்வழியில் படித்தவள். முதலாம் ஆண்டில் வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் ஒரு பாடத்தை விளக்கியபோது பின்வரிசையில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் முகமெல்லாம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. மேடையில் என் குரல் வந்தால் கூட்டம் கப்சிப்பென்று அடங்கும். அப்படிப்பட்டவள் வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. கல்லூரிக் கணினி அறையில்தான் பேசினோம். அங்கே மின்விசிறிகள் போடும் சத்தத்தில் எங்கள் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று நடுவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வீட்டுக்குப் போன் போட்டு இதைச் சொல்லி அழாத குறையாகப் புலம்பினேன். மறுநாள், அதாவது கடைசிச் சுற்று நாள், அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் மைக் பெட்டி, தோளில் வயர்ச் சுருள். அவர் வந்து நிற்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

"கம்ப்யூட்டருக்குக் குடுக்குற வயரு வாங்கியாந்துட்டேன். இது காத்து சத்தம் புடிக்காத மைக்கு. நீ பேசு பாப்பா" என்றார்.

சத்தத்தை ஏற்றி இறக்கும் சின்ன மிக்சர் பெட்டி ஒன்றைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்து இணைத்தார். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அவர் சொன்னதும் தோழி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் சத்தம் கண்ணாடி போல இருந்தது. அப்பாவுக்கு அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். தலைப்பு வந்த பிறகு யோசிக்கும் நேரத்தில் வேறு யாரும் அறையில் இருக்கக்கூடாது என்பது விதி.

"அப்பா, பதினஞ்சு நிமிஷம் வெளிய இருங்க. கூப்புடுறோம்" என்றாள் தோழி.

"அதுக்கென்னம்மா, டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனார்.

தலைப்பு வந்தது. சுரங்கம் தோண்ட ஓர் ஊரின் நிலத்தை எடுப்பதென்றால், அந்த ஊர்க்காரர்கள் வாக்களித்துச் சம்மதித்த பிறகே எடுக்க வேண்டும். நாங்கள் ஆதரிக்கும் பக்கத்தில் முதல் அணி.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுண்ணாம்புக்கல் பள்ளங்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு இந்தத் தலைப்பு கொடுத்தால் விடுவாளா? என்னிடம் இதற்கென்றே ஒரு கதை இருந்தது. பட்டிமன்றங்களில் பல முறை சொன்னது, ஒருமுறைகூடக் கைதட்டல் வாங்காமல் போனதில்லை.

என் பெரியப்பாவின் கதை. நான் சிறுமியாக இருந்தபோது கல் தோண்ட நிலம் கேட்டு ஒரு கம்பெனி எங்கள் ஊருக்கு வந்தது. அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுக்கு அங்கே மானாவாரி நிலம் இருந்தது. கொடுக்க மாட்டேன் என்று உறுதியாக இருந்தவர், ஒரு நாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "தெருவே போட்டுடுச்சு, நான் மட்டும் எப்படி போடாம இருக்குறது" என்பார். அந்த நிலம் இப்போது ஒரு பள்ளம். பெரியப்பா அடுத்தவர் முந்திரித் தோப்பில் வேலை பார்க்கிறார். மேடையில் இதைச் சொல்லிவிட்டு, "நடுவர் அவர்களே, கடைசிவரை அவரைத் தனியாக உட்காரவைத்து யாருமே கேட்கவில்லை" என்று குரலை இறக்கி முடிப்பேன். கூட்டம் அப்படியே உருகிவிடும்.

"அந்தக் கதைய மொதல்லயே சொல்லு" என்றாள் தோழி.

"சரி."

"மொதல் நிமிஷத்துல."

"சரின்னு சொல்லிட்டேன்ல!"

அவள் தன் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டாள். நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பாவை உள்ளே கூப்பிட்டோம். மிக்சருக்குப் பக்கத்தில், எனக்கு வலது கைப்பக்கம் உட்கார்ந்தார். திரையில் எட்டுப் பேச்சாளர்கள், மூன்று நடுவர்கள், எல்லோரும் சின்னச் சின்னக் கட்டங்களில். தோழிதான் முதல் பேச்சாளர். அவளுக்குப் பிறகு எதிரணியில் ஒருவன், அதற்குப் பிறகு நான்.

தோழி எழுந்து தலைப்பை இரண்டே வரியில் விளக்கினாள். பிறகு, "என் அணித்தோழியின் பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்" என்றாள்.

நான் காகிதத்திலிருந்து நிமிர்ந்தேன். அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். நிலம், கம்பெனி, கையெழுத்து, தெருவே போட்டுவிட்டது, தனியாக யாருமே கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில், குரலை ஏற்றாமல் இறக்காமல், மளிகைச் சாமான் பட்டியல் படிப்பது போலச் சொல்லி முடித்துவிட்டாள். நடுவர்கள் மூன்று பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடிப்பாவி என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். என் முன்னால் இருந்த காகிதத்தில் மேலே இரண்டு சின்னக் கருத்துகள், கீழே பெரிதாக வட்டம் போட்டு "பெரியப்பா" என்று எழுதியிருந்தேன். அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது. நேரடிப் போட்டியாக இருந்திருந்தால் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்திருப்பேன். இங்கேயும் மிதித்திருக்கலாம், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். ஆனால் மைக்கில் கேட்டுவிடும்.

எதிரணிப் பையன் எழுந்தான். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை, சிரித்த முகம். நேராகக் கதைக்கே வந்தான். "அந்தப் பெரியவருக்காக வருந்துகிறேன். ஆனால் அவர் ஏன் கையெழுத்துப் போட்டார்? தெரு முழுக்கப் போட்டுவிட்டதால் போட்டார். எதிரில் இருப்பவர்கள் கொண்டுவரும் சட்டம் என்ன? தெரு முழுக்க வாக்களிக்க வேண்டும் என்பது. அவரை மிரட்டிய அதே தெருவின் கையில்தான் மறுபடியும் அதிகாரத்தைக் கொடுக்கிறார்கள். தங்கள் சட்டம் எப்படித் தோற்கும் என்பதைத் தங்கள் கதையிலேயே சொல்லிவிட்டார்கள்."

நடுவர்கள் இன்னும் வேகமாக எழுதினார்கள்.

இத்தனை வருஷமாக இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒருவர்கூட அதற்குப் பதில் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? மணி அடித்த பிறகு சொல்லிவிட்டுக் கைதட்டலோடு உட்கார்ந்துவிடுவேனே. எதிரணிக்கு நாக்கைப் புரட்டக்கூட நேரம் இருக்காது. முதல் தடவையாக ஒருவன் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, இதோ ஓட்டை என்று காட்டுகிறான். அவன் சொன்னதும் சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அவன் பேசிக்கொண்டிருந்தான். நான் காகிதத்தில் இருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு போட்டதால் பெரியப்பா போட்டார், சரி. தெரு போட்டது பெரியப்பாவுக்கு எப்படித் தெரிந்தது?

கேட்ட மாத்திரத்தில் விடை வந்துவிட்டது. அது எனக்கு எப்போதுமே தெரியும். மேடையில் ஒரு நாளும் நான் சொல்லாத பாதி அது.

எங்கள் ஊரில் அப்போது ஒரு ஆட்டோ வந்தது, மேலே இரண்டு ஸ்பீக்கர் கட்டி. கம்பெனிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த மைக் செட். நிலம் கொடுக்கச் சம்மதித்தவர்களுக்கு நன்றி சொல்லி, ஒவ்வொரு பெயராகத் தெருத் தெருவாக வாசித்தது அந்த ஆட்டோ. எந்த வீட்டுப் பெயர் வரவில்லை என்பது அதைக் கேட்ட எல்லோருக்கும் தெரிந்துபோனது. வாசித்த குரல் என் அப்பாவுடையது. பெரியப்பா அதைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் தன் மகள் கல்யாணத்துக்கு, கூடப் பிறந்தவன் மைக் செட் வைத்திருக்க, ஜெயங்கொண்டத்திலிருந்து வேறு மைக் செட் வரவழைத்தார். நாங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். "அங்க சல்லிசா கெடச்சிருக்கும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அதற்கு அப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

மேடையில் கதை சொல்லும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயரோடு அப்பா கீழே உட்கார்ந்திருப்பார். அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? ஆட்டோவை விட்டுவிட்டேன். "தெரு" என்று மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

இப்போதும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரணிப் பையன் முடித்தான். நடுவர் என்னை அழைத்தார். தோழி கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு என் கண்ணுக்கு நேராக வைத்தாள்.

எழுந்தேன். நடுவருக்கு வணக்கம் சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை. "அது என் பெரியப்பா. தெருவுக்குப் பயந்துதான் கையெழுத்துப் போட்டார், நண்பர் சொன்னது உண்மை. தெரு கையெழுத்துப் போட்ட விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நண்பர் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தேன்.

லவுட்ஸ்பீக்கர் என்றேன். ஆட்டோ என்றேன். மைக் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் அப்பாவுக்குத் தெரிந்த வார்த்தைகள் எவையோ, அவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். வேறு வார்த்தையும் இல்லை. "அந்த மைக்கில் பெயர்களை வாசித்தவர் என் ஃபாதர். என் பெரியப்பாவின் சொந்தத் தம்பி."

சொல்லிவிட்டேன். குரல் கம்மிப்போனது. மிக்சரில் நான் பேசப் பேச ஏறி இறங்கும் சின்னப் பச்சை விளக்குகள் அடியில் ஒன்றிரண்டோடு நின்றுவிட்டன. ஓரக்கண்ணில் பார்த்தேன். அப்பாவின் கை மிக்சரை நோக்கி நகர்ந்தது.

மேடையிலிருந்து எத்தனை பேரை அந்தக் கை இறக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். குறைக்கப்போகிறார் என்றே நினைத்தேன். குறைத்தாலும் அவரைக் கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது? வாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது, மனசு முழுக்க அந்த விரல்களில்தான் இருந்தது.

அவர் சத்தத்தை ஏற்றினார். கொஞ்சம்தான், என் குரல் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு. பச்சை விளக்குகள் மேலே ஏறின. கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. "அதனால்தான் இரகசிய வாக்கு கேட்கிறோம். யார் சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்பது சொந்தத் தம்பிக்குக்கூடத் தெரியக்கூடாது. வாக்கு எண்ணி முடியும்வரை ஊருக்குள் ஒரு பெயரும் எந்த மைக்கிலும் வரக்கூடாது. அன்றைக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தால் என் பெரியப்பா தன் வீட்டுப் பெயர் வராத தெருவில் தலைகுனிந்து நடந்திருக்க மாட்டார்" என்றேன். நடுவில் அந்தப் பையன் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டான். சிறிய ஊரில் இரகசியம் நிற்குமா என்றான். "இரகசியம் நிற்காது என்றால் கம்பெனி எதற்கு ஆட்டோ அனுப்பியது? நிற்கும் என்று பயந்துதான் அனுப்பியது" என்றேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. எனக்கு ஆங்கிலத்தில் கோபம் வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

பேசி முடித்து நிமிர்ந்தால் தோழியின் கைப்பேசியில் இன்னும் நேரம் பாக்கி இருந்தது. மணி அடிக்கவில்லை. சொல்ல ஒன்றும் மிச்சமும் இல்லை. உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேனாக்களும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

மிச்சப் பேச்சுகள் முடிந்ததும் அப்பா வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். நானும் தோழியும் வராந்தாவுக்குப் போனோம்.

"ஏண்டி என் கதைய எடுத்த?"

"நீ சொல்ல மாட்ட."

"சொல்லியிருப்பேன்!"

"மணி அடிச்சப்பறம்."

அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. "உன்கூட நான் இனிமே பேசல" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டிலில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தேன். கடைசிச் சுற்றின் முடிவை உடனே சொல்ல மாட்டார்கள், மாலையில் எல்லா அணிகளுக்கும் சேர்த்து அறிவிப்பார்கள். அதுவரை அங்கே உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை. அப்பாவோடு அரியலூர் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் காலடியெல்லாம் சின்ன வெங்காய மூட்டை. அப்பா மைக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். டவுன் தாண்டியதும் எதிரே ஒரு கல் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது, அவர் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

"அங்கிள்னா அண்ணன்தானே?" என்றார்.

"ஆமாப்பா. பெரியப்பாவதான் சொன்னேன்."

"நான் பேரு வாசிச்சதயும் சொன்னியா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "சொன்னேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். கோபமாக இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. பெட்டியின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"கம்பெனிக்காரன் ஒரு தடவதான் வாசிக்கச் சொன்னான் பாப்பா. நம்ம தெருவுல மட்டும் ரெண்டு தடவ வாசிச்சேன். அண்ணன் பேரு அதுல இல்லன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ஊரு ஒண்ணா இருக்குறப்ப அவரு மட்டும் தனியா நிப்பாரேன்னு நெனச்சேன். நல்லதுக்குன்னுதான் நெனச்சேன்."

பெட்டியின் மேலிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தோழி கூப்பிட்டாள். சுற்றி இரைச்சல், அவள் கத்துவது மட்டும் கேட்டது. அவள் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை.

"அறையில ரெண்டாவதுடி! காலிறுதி! நாளைக்கு மத்தியானம் மறுபடி உக்காரணும். ஒழுங்கா வந்து சேரு."

அப்பாவிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அப்புறம் பெட்டியைக் கீழே வைத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் ஆனது.

"நாளைக்கும் மைக்கு வேணுமா?" என்றார்.

"வேணும்பா."

"எப்புடி மாட்டுறதுன்னு பாத்துக்கிட்டல்ல? நீயே எடுத்துட்டுப் போயிடு பாப்பா. எனக்கு நாளைக்கு ஒரு வேல இருக்கு."

மறுநாள் பெட்டியைச் சுமந்துகொண்டு நான் தனியாகவே பெரம்பலூர் போனேன். காலிறுதியில் தோற்றோம். மணி அடிப்பதற்குள் இரண்டு பேரும் முடித்துவிட்டோம், எதிரில் இருந்தவர்கள் எங்களைவிட நன்றாகப் பேசினார்கள். தோழிக்குக் கண் கலங்கியது. எனக்கு அழுகை வரவில்லை, என் நினைப்பெல்லாம் ஊரில் இருந்தது. வராந்தாவுக்கு வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"காலையிலயே ஒங்க பெரியப்பா வூட்டுக்குப் போனாரு. இன்னும் வரல."

"சண்டையா?"

"தெரியலயே. மொதல்ல ரெண்டு பேரு சத்தமும் எதிர்வூடு வரைக்கும் கேட்டுச்சாம்" என்றாள் அம்மா. "மத்தியானச் சோத்த அங்கயே தின்னுட்டாராம்."